மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்

1

இது முதலில் கதையாக இருக்கவில்லை. ஒரு விளக்கக் கடிதமாக இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே கண்டுபிடித்துக் கேட்டால் எரிச்சல் வரும். ஏற்கெனவே வேண்டிய அளவு எரிச்சலில் இருக்கிறேன்.

கடிதத்தைக் கேட்டது கூடைப்பந்து நடுவர் குழு. எழுத வேண்டியவள் என் அக்கா. பதினான்கு வருடமாக நடுவராக இருக்கிறாள். போன வாரம் நடந்த மகளிர் இறுதி ஆட்டத்தில் அவள் ஊதிய கடைசி விசிலைப் பற்றித் தோற்ற அணியின் கோச் புகார் எழுதியிருந்தார். 'ஐந்து விநாடி எண்ணிக்கை அவசரமாக எண்ணப்பட்டது.' புகார் அவ்வளவுதான். அதற்கு விளக்கம், ஒரு பக்கத்துக்கு மிகாமல், திங்கள் காலை பத்து மணிக்குள் வேண்டும் என்று குழுச் செயலாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்கு அக்கா விதிப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றாள்.

"நீதான் எழுதுறவளாச்சே. ஒரு பக்கம் எழுதிக் குடு. அரை மணி நேர வேலை."

எழுதாதவர்கள் எல்லோருக்கும் எழுத்து அரை மணி நேர வேலை. அப்படியானால் விசில் ஊதுவது எத்தனை நேர வேலை என்று அவளைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. (அதற்கான பதில் ஏழாவது பகுதியில் வருகிறது. இரண்டு விநாடி. அவசரப்பட்டு அங்கே போய்விடாதீர்கள்.)

2

முதல் வரி.

'அரங்கமே மூச்சடக்கி நின்ற அந்த—'

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். யாரும் மூச்சடக்கவில்லையாம். கத்திக்கொண்டிருந்தார்களாம், அவளைக் கண்ணாடி போடச் சொல்லி. வார நாள்களில் அக்காவுக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு, சனி ஞாயிறு ஆனால் தன் கண்ணைப் பற்றி முந்நூறு பேரிடம் வசவு கேட்டுக்கொள்கிறாள்.

'எண்ணுவது என்பது உண்மையில் ஒரு—'

"உண்மையில்னு எழுதினா முன்னாடி எழுதினதெல்லாம் பொய்யா?"

'சம்பந்தப்பட்ட ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில், ஆட்டக் கடிகாரம் 4.1 விநாடி காட்டிய நிலையில்,'

இதைப் படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கதையில் இதைவிட மோசமான முதல் வரியை நான் எழுதியதில்லை. அவளுக்குப் பிடித்த என் முதல் வரியும் இதுதான்.

3

கதைக்கு நடுவில் விதிகளை விளக்குவது தவறு என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதி தெரியாவிட்டால் அக்கா என்ன செய்தாள் என்று உங்களுக்குப் புரியாது. நானும் ஞாயிறு மதியம் மூன்று மணி வரை புரியாமல்தான் இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முறை கேளுங்கள்.

த்ரோ-இன் என்பது, ஒருத்தி கோட்டுக்கு வெளியே நின்று பந்தை ஆடுகளத்துக்குள் எறிவது. பந்து அவள் கைக்கு வந்ததும் நடுவர் கையை வீசி எண்ண ஆரம்பிப்பார். ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். எறியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், சுவர் இடிக்கும்வரை. ("சுவர்னு எழுதாத. சூழ்நிலை அனுமதிக்கும்வரைன்னு எழுது.") பந்தை வைத்துக்கொண்டு கோட்டை மிதிக்கலாம், தாண்டக் கூடாது. உள்ளே நிற்கிற தோழியின் கையில் பந்தைக் கொடுக்கவும் கூடாது. எறியத்தான் வேண்டும். எறிந்த பந்து உள்ளே ஒருத்தி மேல் படும்வரை ஆட்டக் கடிகாரம் ஓடாது.

இதில் ஒரு விலக்கு. எதிரணி கோல் போட்டதும் கூடைக்குப் பின்னால் இருக்கிற கடைக்கோட்டிலிருந்து எறிகிறவள், அந்தக் கோட்டின் நீளம் முழுக்க ஓடலாம். கோலுக்குப் பிறகு கோச் டைம்-அவுட் கேட்டு ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தினாலும் அந்த ஓடுகிற உரிமை போகாது.

விலக்குக்குள் இன்னொன்று. கடைசி இரண்டு நிமிடத்தில் டைம்-அவுட் எடுத்தால், கோச் விரும்பினால் பந்தை ஆடுகளத்தின் மறுபாதிக்குக் கொண்டுபோய், பக்கக் கோட்டில் குறித்த இடத்திலிருந்து போடச் சொல்லலாம். அங்கே போனால் ஓட முடியாது. நின்ற இடத்தில் நின்று எறிய வேண்டும். கடைசி நேரத்தில் முக்கால்வாசி கோச்சுகள் இதைத்தான் கேட்பார்கள். கூடைக்குப் பக்கம் என்பதால்.

வெங்காயம் மாதிரி உரிக்க உரிக்க வருகிறதே என்று அக்காவிடம் சலித்துக்கொண்டேன்.

"பதினாலு வருஷமா உரிக்கிறேன். இதுவரைக்கும் கண்ணுல தண்ணி வரல," என்றாள்.

4

இப்போது ஆட்டம். நீல அணி, மஞ்சள் அணி. மஞ்சள் கடைசியாக ஒரு கோல் போட்டு ஒரு புள்ளி முன்னால் போய்விட்டது. மீதி 4.1 விநாடி. நீல அணியின் கோச் டைம்-அவுட் கேட்டார். மறுபாதிக்குப் போகிறீர்களா என்று கேட்டதற்கு வேண்டாம், கடைக்கோட்டிலிருந்தே போடுகிறோம் என்றார்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவரிடம் ஒன்பதாம் எண் சட்டை போட்ட ஒரு பெண் இருந்தாள். கல்லூரி இரண்டாம் வருடம். குள்ளம். ஆனால் கடைக்கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிக்கொண்டே, தடுப்பவள் திரும்புவதற்குள், ஆடுகளத்தின் பாதி தூரத்துக்குப் பந்தை எறியத் தெரிந்தவள். நான்கு மாதம் அதை மட்டும் பயிற்சி செய்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்தை நம்பித்தான் கடைக்கோட்டைக் கேட்டார்.

அக்கா அவளிடம் பந்தைக் கொடுத்தாள். எண்ணினாள். அந்தப் பெண் நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்ற இடத்திலேயே நின்றாள். முன்னால் மஞ்சள் அணியின் உயரமானவள் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். ஐந்து. விசில். பந்து மஞ்சளுக்குப் போனது. 4.1 விநாடி பந்தை அணைத்துக்கொண்டு நின்றே அவர்கள் கோப்பையை வாங்கிவிட்டார்கள்.

கோச் கேட்பது நியாயமான கேள்வி. அவள் ஏன் ஓடவில்லை? அவருக்குத் தெரிந்த பதில், பயத்தில் உறைந்துவிட்டாள் என்பது. உறைந்தவளுக்கு நடுவர் முழுதாக ஐந்து விநாடி கொடுத்தாரா என்பதை மட்டும் புகாரில் எழுதினார்.

கொடுத்திருக்கிறாள். வீடியோ இருக்கிறது. நானே நிறுத்தி நிறுத்தி அளந்தேன். பந்து கைக்குப் போனதிலிருந்து விசில் வரை 5.2 விநாடி.

அப்படியானால் 'எண்ணிக்கை சரி, வீடியோ இணைப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கலாம். நானும் அதைத்தான் சொன்னேன். அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்தபடி சொன்னாள்.

"அவ உறையல. நான்தான் நிக்கச் சொன்னேன்."

5

(இந்த இடத்தில் அக்காவை அழவைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். முன்பு இரண்டு கதைகளில் அவளை அழவைத்திருக்கிறேன். இரண்டையும் படித்துவிட்டு, "என்னைக்குடி நான் அழுதேன்? பாத்தியா நீ?" என்று கேட்டவள் அவள். பார்த்ததில்லை. அழுதது நான். கதையில் அவள் மேல் போட்டேன். சின்ன வயதில் என் ஹோம்வொர்க்கை அவளும் அவள் துணிகளை நானும் மாற்றிப் போட்டுக்கொண்ட மாதிரி.)

(கதாபாத்திரமாக அவள் எனக்குச் சிரமம். மனத்தில் ஓடுவதைச் சொல்ல மாட்டாள். நடந்ததைச் சொல்வாள். எத்தனை மீட்டர், எந்தப் பக்கம், யார் கை முதலில். அவளுக்கு உள்மனம் என்று ஒன்று இருக்கிறதா என்று நான் சந்தேகப்பட்டதுண்டு. இருக்கிறது. அதையும் விநாடிக் கணக்கில் வைத்திருக்கிறாள்.)

6

நடந்தது இது.

பந்தைக் கொடுப்பதற்கு முன் அந்தப் பெண் மெதுவாகக் கேட்டிருக்கிறாள், "மேடம், ஓடலாமா?" என்று. அந்தச் சத்தத்தில் அக்காவைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. நடுவர் பதில் சொல்ல வேண்டும், அது கடமை. அக்காவின் வாய் திறப்பதற்குள் கை பதில் சொல்லிவிட்டது. ஆள்காட்டி விரல் தரையைக் காட்டியது. 'இந்த இடம்' என்பதற்கான சைகை.

கடைசி இரண்டு நிமிடத்தில் அதற்கு முன் மூன்று டைம்-அவுட். மூன்றும் மறுபாதிக்குப் போனவை. மூன்று முறையும் அதே விரல், அதே தரை. நான்காவது முறை கை தானாகப் போய்விட்டது. வீட்டைப் பூட்டிவிட்டு வந்தோமா என்று பாதி வழியில் யோசிப்போமே, கை பூட்டியிருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது. அந்த மாதிரி.

வீடியோவில் அது விழவில்லை. எதிர்முனையிலிருந்து எடுத்தது. அக்காவின் முதுகு விரலை மறைத்துவிட்டது.

அந்தப் பெண் தன் கோச்சிடம் சொல்லியிருக்கிறாள், ரெஃப்ரி நிற்கச் சொன்னார் என்று. அவர் நம்பவில்லை. பதினான்கு வருட நடுவருக்கு அந்த விதிகூடத் தெரியாதா, பயத்தில் எதையோ பார்த்துவிட்டுப் பழியை அடுத்தவர் மேல் போடாதே என்று அணி முழுக்க வைத்துத் திட்டியிருக்கிறார். இது அக்காவுக்குத் தெரிய வந்தது எப்படி என்று கேட்பீர்கள். மூன்று மாதத்துக்கு முன் கல்லூரி அணிகளுக்கு அக்காதான் விதி வகுப்பு எடுத்தாள். கரும்பலகையில் தன் போன் எண்ணை எழுதி, சந்தேகம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கேளுங்கள் என்றாள். ஆட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

அதில் கோபம் இல்லை. அக்காவைக் குடைவதே அதுதான் என்று நினைக்கிறேன். (அவள் குடைகிறது என்று சொல்லவில்லை. ஆறு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தான் சொன்னார்.) பரீட்சைத் தாளைத் திருப்பிக் கேட்கிற மாணவி மாதிரி, நடந்ததைச் சொல்லி, ஒரு சந்தேகம் கேட்டிருந்தாள். புகார் முடியும்வரை நடுவர் சம்பந்தப்பட்ட அணியோடு பேசக் கூடாது. அதுவும் விதிதான். அக்கா பதில் போடவில்லை. அந்தச் செய்தியை எனக்கு அனுப்பி, எழுதும்போது பார்த்துக்கொள் என்றாள்.

அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 'எண்ணிக்கை சரி. ஆனால் த்ரோ-இன்னுக்கு முன் நான் தவறான சைகை காட்டினேன். வீராங்கனை என் சைகைக்குக் கட்டுப்பட்டு நின்றார். தவறு என்னுடையது.'

நல்ல தமிழ். நான்கு வாக்கியம். என்னால் இவ்வளவு சுருக்கமாக எழுத முடியாது.

அவள் கைகழுவப் போனபோது பின் மூன்று வாக்கியங்களை அழித்தேன்.

*

(நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் அழித்தேன்?

அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. தேசிய நடுவர் பட்டியலுக்கு விண்ணப்பிக்க இதுவே கடைசி வருடம். அடுத்த மாதம் தேர்வு. தேர்வுக் குழுவும் இதே ஆட்கள். இறுதி ஆட்டத்தில் அடிப்படை விதியைத் தவறாகக் காட்டினேன் என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அவள் விண்ணப்பத்தை மேற்கொண்டு யாரும் திறக்க மாட்டார்கள். இது முதல் காரணம்.

கேட்கப்பட்டது எண்ணிக்கை பற்றி மட்டும். கேட்ட கேள்விக்குப் பதில் எழுது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லித் தருகிறார்கள். இது இரண்டாவது.

மூன்றாவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. அந்த விரல் கடிதத்தில் போய்விட்டால் எனக்குக் கதை இல்லை. மேசையில் உட்கார்ந்திருந்தபோதே கதை ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் தெரியாத விரல், யாரும் நம்பாத பெண். அழித்தது தங்கையா எழுதுகிறவளா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.)

7

கைகழுவி வந்த அக்கா கடிதத்தைப் படித்தாள். கண்ணாடிக் கடைக்காரி, ஒரு எழுத்து விடாமல் படிப்பாள்.

"விரல் எங்க?"

"அவங்க அதக் கேக்கலையே அக்கா."

"நான் சொன்னேனே."

"ஆட்டம் இனிமே மாறாது. நீ எழுதினாலும் கோப்பை மஞ்சள்கிட்டதான். எழுதி யாருக்கு என்ன வரப்போகுது? உனக்குப் பட்டியல் போகும். அவ்வளவுதான்."

அக்கா விதிப்புத்தகத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் விசிறிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டேன். இன்னுமா முடியவில்லை என்று கேட்டாள். முடியவில்லை என்றேன்.

"ஒரு வயித்துல பொறந்த ரெண்டு பேரு சேந்து ஒரு பக்கம் எழுத முடியலையா? இதுல ஒருத்தி எழுத்தாளராம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நானும் அக்காவும் சிரிக்கவில்லை. வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

பிறகு அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். என் எடிட்டிங் இல்லை.

"விரல் தப்பு. அது கை. கைக்கு மூள கிடையாது, விட்டுடலாம். ஆனா மூணு எண்ணும்போது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ தரையப் பாத்துட்டு நின்னா. எங்க காட்டினேனோ அந்த இடத்த. ஐயோ, இவ ஓடலாமேன்னு தோணிச்சு. ஊதி நிறுத்தியிருக்கலாம். என் தப்புன்னு சொல்லி மறுபடி முதல்ல இருந்து குடுத்திருக்கலாம். எனக்கு அந்த அதிகாரம் இருக்கு. நான் நாலு எண்ணினேன். அப்புறம் அஞ்சு எண்ணினேன்."

ஏன் என்று கேட்டேன்.

"முந்நூறு பேர் கண்ணாடி போடுன்னு கத்துறாங்க. அவங்க சொல்றது சரின்னு நானே ஊதி ஒத்துக்கணுமா?"

இரண்டு விநாடி. மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில். இத்தனை வருடம் அவளுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே நின்று தேடிக்கொண்டிருந்தேன். இவ்வளவுதான் இருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்பதுபோல் முகத்தை வைத்திருந்தாள்.

"இதையும் கடிதத்துல எழுதணுமா?"

"நீதான எழுதுறவ," என்றாள்.

எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. விதிப்புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

8

திங்கள் காலை எட்டே முக்காலுக்குக் கடைக்குப் போகிற வழியில் மறுபடி வந்தாள். கடைச் சீருடையில் இருந்தாள். காபி வேண்டாம் என்றாள். தன் மின்னஞ்சலை என் கணினியில் திறந்து வைத்தாள். என்னிடம் அப்போது மூன்று கோப்புகள் இருந்தன. 'கடிதம்' என்பதில் விரல் இல்லை. 'கடிதம் புதுசு' என்பதில் விரல் இருந்தது. 'கடிதம் கடைசி' என்பதில் விரலும் இருந்தது, மூன்றும் நான்கும் ஐந்தும் இருந்தன. மூன்றிலும் கீழே அவள் பெயர்.

எதை அனுப்ப என்று கேட்டேன்.

"பத்து மணிக்குள்ள அனுப்பு. எதுன்னு என்கிட்ட கேக்காத."

"உன் கடிதம், உன் பேரு, உன் பட்டியல். என்ன ஏன் இழுக்குற?"

"நான்தான் நேத்தே சொன்னேனே, எழுதியும் முடிச்சியே. அழிச்சது யாரு?"

அழித்ததற்கு நான் சொல்லாத காரணமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் எப்படி இருக்கும்? நான் எதையும் மறைக்கும்போது காதைத் தொடுவேன் என்று ஐந்து வயதிலிருந்து கவனித்து வைத்திருப்பவள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணு இன்னிக்குப் பயிற்சிக்குப் போகலையாம்," என்றாள். யார் சொன்னது என்று கேட்பதற்குள் படி இறங்கிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவள் வேண்டாம் என்ற காபியையும் சேர்த்துக் குடித்தேன்.

9

முடிவுகள்.

முதலாவது. 'கடிதம் கடைசி' போகிறது. குழு அக்காவின் நேர்மையைப் பாராட்டி—

இல்லை. குழுவில் யாரும் யாரையும் பாராட்டுவதில்லை. வருத்தத்துடன் தெரிவிப்பார்கள். அக்கா பட்டியலில் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில், ஷூ லேஸ்கூடக் கட்டத் தெரியாத பிள்ளைகளுக்கு விசில் ஊதுகிறாள். கோச் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, சரி, நீ சொன்னது உண்மைதான் என்கிறார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார். அவள் வாங்கிக்கொள்கிறாள்.

இரண்டாவது. 'கடிதம்' போகிறது. எண்ணிக்கை சரி, புகார் தள்ளுபடி. அக்கா தேசிய நடுவர். மார்பில் புதிய சின்னம். எங்கோ ஓர் ஆட்டத்தில் ஒருத்தி அவளிடம் வந்து ஓடலாமா என்று கேட்கிறாள். அக்காவின் கை பின்னால் போய்த் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. இது கதைக்கு நன்றாக இருக்கிறது. அதனால்தான் இதன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாவது. பல வருடம் கழித்து அந்தப் பெண்ணே நடுவராகி—

சீ.

10

மணி 9:48.

(பொய். இதை எழுதும்போது திங்கட்கிழமை முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் பந்து வெளியே இருக்கும்வரை கடிகாரம் ஓடாது என்று மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்கிறேன். எனக்கு வசதியாக இருக்கிற ஒரே விதி அது.)

அக்கா செய்துவிட்டுப் போனது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. பந்தை என் கையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றுவிட்டாள். நான் கோட்டுக்கு வெளியே நிற்கிறேன். எப்போதும் அங்கேதான் நிற்கிறேன். அடுத்தவர் ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்து, உள்ளே கால் வைக்காமல், பந்தை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் போய்க்கொண்டிருப்பதைத்தான் எழுத்து என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் எண்ணியதில்லை. இப்போது எண்ணுகிறார்கள்.

முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த மாதிரிக் கதைகளில் அப்படிச் செய்வது வழக்கம். கௌரவமாகவும் இருக்கும். ஆனால் விதிப்புத்தகம் மேசையிலேயே கிடக்கிறது. கையில் கொடுக்கக் கூடாது, எறிய வேண்டும். எறிந்தபின் வேறொருத்தி தொடும்வரை நான் அதைத் தொடவும் கூடாது.

9:56-க்கு மூன்று கோப்புகளில் ஒன்றை இணைத்து அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்து அக்கா கடையிலிருந்து கூப்பிட்டாள். பின்னால் யாரோ ஒருவர், எழுத்துகளை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

எதை என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"சரி. ஆளிருக்கு. வைக்கிறேன்."

நீங்கள் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். விரல் இல்லாத கடிதத்தை அனுப்பியிருந்தால், இந்தக் கதையை அச்சுக்குக் கொடுத்திருப்பது அக்காவைக் காட்டிக்கொடுத்த மாதிரி. விரல் இருக்கிற கடிதத்தை அனுப்பியிருந்தால், இவ்வளவு பக்கம் எழுத எனக்கு என்ன அவசியம் என்று நீங்கள் சந்தேகப்படலாம். சந்தேகப்படுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் அக்கா இதைப் படித்தாள். ஒரே ஒரு திருத்தம் செய்தாள். வீடியோவில் 5.1 என்று எழுதியிருந்தேன், 5.2 என்று மாற்றினாள்.

மீதி இருப்பது ஒன்றுதான். அந்தப் பெண்ணின் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. அக்கா பதில் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. எனக்கு அப்படி எந்த விதியும் இல்லை, உங்களுக்கும் இல்லை. விடை உங்களுக்குத் தெரியும், படித்துவிட்டீர்கள். அதைச் சொல்ல ஐந்து விநாடிகூட வேண்டாம். நடுவில் கோச் திட்டியதைச் சொன்ன வரிகளை விட்டுவிட்டு, கேள்வியை அவள் எழுதிய மாதிரியே எறிகிறேன்.

'மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். எதிரணி கோல் போட்டதும் நாங்க டைம்-அவுட் எடுத்தா, அதுக்கப்புறம் கடைக்கோட்டுல த்ரோ-இன் போடுறவங்க ஓடலாமா, கூடாதா? கோச் ஓடலாம்னு சொல்றார். நீங்க வகுப்புலயும் ஓடலாம்னுதான் சொன்னதா என் நோட்டுல இருக்கு. ஆனா அன்னிக்கு நீங்க தரையக் காட்டினீங்க. நான் தப்பாப் பாத்துட்டேனா?'